நான்காவது ஐம்பது

கணக்கு என்றாலே ஓடி ஒளிகிறவர்களுக்குச் சொல்லித் தருவதில் எனக்குக் கொஞ்சம் பேர் உண்டு. எங்கள் தொழிற்சாலையில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நிகழ்தகவு பற்றி மூன்று நாள் வகுப்பு எடுப்பது நான்தான். பதினாறு வருடமாக எடுக்கிறேன். அதனால் நீங்கள் கூச்சப்படாமல் குறுக்கே கேட்கலாம். பள்ளிக்கூடத்தில் கணக்கில் எவ்வளவு வாங்கினீர்கள் என்று நான் திருப்பிக் கேட்க மாட்டேன்.

இந்தத் தீ விபத்து விசாரணைக்கு நீங்கள் என்னைக் கூப்பிட்டது சாட்சியாக. தீப்பிடித்த வீட்டுக்காரிக்கு நான் அண்ணன், அந்த வீட்டு காஸ் ரெகுலேட்டரைச் செய்த தொழிற்சாலையில் தரச் சோதனை அதிகாரி. இரண்டுக்கும் சேர்த்து அரை மணி நேரம் போதும், ஒரு கையெழுத்துதான் என்று போனில் சொன்னீர்கள். அரை மணி நேரம் போதாது. தட்டச்சு செய்கிற அம்மாவுக்கு வேறு வேலை இருந்தால் இப்போதே சொல்லிவிடட்டும்.

முதலில் என் வேலையைச் சொல்கிறேன். சிலிண்டரின் தலையில் மாட்டுகிறோமே, அந்த ரெகுலேட்டர்தான் எங்கள் சரக்கு. மேல் பாதி, கீழ்ப் பாதி, இரண்டுக்கும் நடுவே ஒரு ரப்பர் தகடு. இரண்டு பாதியும் சரியாக அழுந்தவில்லை என்றால் விளிம்பில் காஸ் கசியும். இரண்டாயிரம் சேர்ந்தால் ஒரு லாட். இரண்டாயிரத்தையும் சோதித்துக்கொண்டிருந்தால் வேலை ஓடாது என்பதால் ஐம்பதை மட்டும் எடுப்போம். எந்த ஐம்பது என்பது யாருடைய இஷ்டமும் இல்லை, கம்ப்யூட்டர் தருகிற எண்களின்படி. அந்த ஐம்பதையும் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி உள்ளே காற்றை ஏற்றுவோம். குமிழி வந்தால் கசிவு. ஐம்பதில் ஒன்று கசிந்தால் பரவாயில்லை, லாட் வெளியே போகலாம். இரண்டு கசிந்தால் மொத்த லாட்டும் அசெம்பிளிக்குத் திரும்பும். இரண்டாயிரத்தையும் பிரித்துத் துடைத்து மறுபடி பூட்டி ஒவ்வொன்றாகத் தொட்டியில் போட வேண்டும்.

ஐம்பதைப் பார்த்து இரண்டாயிரத்தை எப்படித் தெரிந்துகொள்வது என்பதுதான் என் முதல் நாள் பாடம். ஒரு பெட்டி நிறைய மணிகள் வைத்திருப்பேன், பெரும்பாலும் வெள்ளை, கொஞ்சம் சிவப்பு. ஆளுக்கு ஐம்பது அள்ளச் சொல்வேன். ஒருவனுக்கு மூன்று சிவப்பு வரும், பக்கத்தில் இருப்பவளுக்கு ஒன்றுகூட வராது, இன்னொருவன் ஆறு வந்ததென்று அசடு வழிவான். பெட்டி மாறவில்லை, கைக்கு வருவதுதான் மாறுகிறது. அப்படி மாறுகிற எண்ணுக்குத்தான் சமவாய்ப்பு மாறி என்று பெயர். ஒவ்வொருவருக்கும் வந்ததைப் பலகையில் ஒரு புள்ளியாக வைக்கச் சொல்வேன். நாற்பது, ஐம்பது புள்ளி சேர்ந்ததும் நடுவில் குவிந்து இரண்டு பக்கமும் சரிந்து ஒரு வடிவம் வரும். பெட்டியின் உண்மை அந்தக் குவியலில் இருக்கிறது, எந்த ஒரு புள்ளியிலும் இல்லை. இதைச் சொல்லும்போது வகுப்பில் யாராவது ஒருவருடைய முகம் மலரும். அந்த முகத்துக்காகத்தான் நான் பாடம் எடுத்தேன் என்று நினைக்கிறேன்.

அசெம்பிளியில் நாற்பத்திரண்டு பெண்கள். அவர்களுக்குத் தலைவியை எல்லாரும் பெரியக்கா என்பார்கள். என்னைவிட நான்கு வயது சின்னவள் என்றாலும் நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். லாட் திரும்பினால் அவர்களுடைய வார விடுமுறை போச்சு. பச்சைக் குழந்தையை வீட்டில் விட்டு வந்தவளும் இருந்து முடித்துவிட்டுத்தான் போக வேண்டும். முதல் பதின்மூன்று வருடத்தில் நான் எத்தனையோ லாட்டைத் திருப்பியிருக்கிறேன். எனக்கு அவர்கள் வைத்த பெயர் கறார். கான்டீனில் நான் தட்டோடு வந்தால் பேச்சு நின்றுவிடும். பதின்மூன்று வருடம் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டேன். அதெல்லாம் பழகிவிட்டது என்று வீட்டில் சொல்லிக்கொள்வேன். பழகவில்லை.

யார் சொல்லிச் செய்தாய் என்று இனிமேல்தான் கேட்பீர்கள். யாரும் சொல்லவில்லை. முதலாளிக்குத் தெரியாது, மேலாளருக்குத் தெரியாது. கை நீட்டி ஒன்றும் வாங்கவில்லை. அந்தப் பக்கம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருநாள் என் உதவியாளர் சோம்பேறித்தனமாக ஐம்பதையும் மேலே இருந்த ஒரே பெட்டியிலிருந்து எடுத்து வந்துவிட்டார். மூன்று கசிந்தது. அது சாம்பிளே இல்லை என்று திட்டி, அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, முறைப்படி மறுபடி எடுத்தேன். ஒன்றும் கசியவில்லை. லாட் போனது. நான் செய்தது சரி, எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் சரி என்றுதான் இருக்கும். மறுநாள் பெரியக்கா கான்டீனில் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள்.

அடுத்த மாதம் முறைப்படி எடுத்த ஐம்பதிலேயே இரண்டு கசிந்தது. தாளில் எழுதப் போனவன் நிறுத்தினேன். இரண்டு என்பது நூலிழை. நல்ல லாட்டிலும் எப்போதாவது இரண்டு வரும், அது பாடத்திலேயே இருக்கிறது. ஒரு புள்ளியை வைத்து முடிவு கட்டாதே என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிற நான் ஒரு புள்ளியை நம்பி நாற்பத்திரண்டு பேரின் விடுமுறையைப் பறிப்பதா? இன்னொரு ஐம்பது எடுத்தேன். ஒன்று கசிந்தது. அதை எழுதினேன். முதல் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போகிற வழியில் எனக்கு லேசாக இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை.

அப்படி மூன்று வருடத்தில் ஒன்பது லாட். கான்டீனில் எனக்கு இடம் பிடித்து வைக்க ஆரம்பித்தார்கள். “சார், இங்க வாங்க, உங்களுக்குத்தான் வெச்சிருக்கோம்” என்று பெரியக்கா கையால் நாற்காலியைத் தட்டுவாள். கறார் என்ற பெயரே காணாமல் போனது. பெண்களின் சிரிப்புக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிடுவது எவ்வளவு நன்றாக இருக்கும் என்று சுவரைப் பார்த்துச் சாப்பிட்டவனுக்குத்தான் தெரியும்.

இதில் தப்பு எங்கே என்று உங்களுக்குச் சட்டென்று பிடிபடாமல் போகலாம். திரும்பத் திரும்ப எடுப்பது தப்பில்லை, நிறுத்துகிற இடம்தான் தப்பு. காசைச் சுண்டிப் பூ விழுகிறவரை சுண்டிக்கொண்டே இருந்துவிட்டு, சுண்டினேன், பூ விழுந்தது என்று எழுதிவைத்தால் அந்த வரியில் பொய் இல்லை. விழுந்தது பூதான். நான் எழுதிய ஒவ்வொரு எண்ணும் தொட்டியில் நான் கண்ணால் பார்த்த எண். இதை நான் மட்டும்தான் செய்ய முடியும் என்பதையும் கவனியுங்கள். கணக்குத் தெரியாதவன் முதல் சாம்பிளோடு பயந்துபோய் லாட்டைத் திருப்பியிருப்பான்.

இப்போது உங்கள் கோப்பில் இருக்கிற லாட்டுக்கு வருகிறேன். ஐம்பது சோதித்ததில் ஒன்று கசிந்தது என்று தாளில் இருக்கிறது. என் கையெழுத்துதான். அது நான்காவது ஐம்பது. முதல் ஐம்பதில் நான்கு கசிந்தது. இரண்டாவதில் மூன்று. மூன்றாவதிலும் மூன்று. அன்றைக்குத் தொட்டித் தண்ணீர் கலங்கியிருந்தது, அதனால் குமிழியைச் சரியாக எண்ண முடியவில்லை என்று ஒரு காரணத்தை மனதில் வைத்திருந்தேன். கலங்கவில்லை. மறுநாள் வார விடுமுறை. நான்காவது முறை ஒன்றோடு நின்றதும் தாளை எழுதி, கீழே இறங்கி, பெரியக்காவிடம் நல்ல செய்தி என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான்கையும் கூட்டிப் பார்த்தாயா என்று ஒரு நல்ல மாணவன் கேட்பான். நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கூட்டினேன். அன்று சாயந்திரமே, பஸ் ஸ்டாப்பில் நின்றபடி. இருநூறில் பதினொன்று. இரண்டாயிரத்தில் சுமார் நூற்றுப் பத்து. அப்படிப்பட்ட லாட் ஒரே சாம்பிளில் தேறுவதற்கு வாய்ப்பு கிட்டத்தட்ட நான்கில் ஒன்று. நான்கு முறை விட்டால் பாதிக்கு மேல். லாரி இன்னும் கிளம்பவில்லை. ஒரு போன் போட்டிருந்தால் நின்றிருக்கும்.

போன் போடாமல் இன்னொரு கணக்குப் போட்டேன். கசிகிற ரெகுலேட்டர் எல்லாம் வீட்டைக் கொளுத்திவிடாது. ஜன்னல் திறந்திருக்கும், நாற்றம் வரும், மூக்கு உள்ள மனுஷன் சிலிண்டரை மூடுவான். இருநூறு கசிவில் ஒன்று விபத்தாகும் என்று வைத்துக்கொண்டேன். அந்த எண்ணை எங்கிருந்து எடுத்தேன் என்று கேட்காதீர்கள், எனக்கு அது தேவைப்பட்டது. நூற்றுப் பத்தை இருநூறால் வகுத்தால் அரைக்குச் சற்று மேல். எதிர்பார்க்கக்கூடிய விபத்து, அரை வீடு. ஒன்றுக்குக் கீழே வந்ததும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. அரை வீடு என்று ஒன்று எரியாது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

இரண்டு மாதம் கழித்துத் தங்கை போன் செய்தாள். புது அடுப்பு வாங்கியிருக்கிறார்கள். கடைக்காரன் வேறு கம்பெனி ரெகுலேட்டரை எடுத்துக் காட்டினானாம், இவள் விடவில்லையாம். “எங்க அண்ணன் பாத்து அனுப்பினதுதான் வேணும்னு நின்னேன்” என்று சிரித்தாள். வந்து ஒரு தடவை பார்த்துவிட்டுப் போ என்றாள். ஞாயிற்றுக்கிழமை போனேன்.

அவளுடைய சமையலறையை உங்களுக்குப் படத்தில்தான் தெரியும், அதுவும் கரியாக. மூன்று பேர் நின்றால் இடிக்கிற அறை, ஒரே ஒரு ஜன்னல். சிலிண்டர் மேடைக்குக் கீழே ஒரு அலமாரிக்குள். குனிந்து ரெகுலேட்டரின் அடியில் பொறித்திருந்த லாட் எண்ணைப் படித்தேன். அந்த லாட்தான்.

என் கூடவே தங்கை மகளும் குனிந்தாள். எட்டு வயது. வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர், பொருத்தமான பெயர். நான் எங்கே போனாலும் சோப்புத் தண்ணீரும் பிரஷுமாக அலைவதால் என்னைச் சோப்பு மாமா என்பாள். அன்றைக்கும் கிண்ணத்தில் சோப்பைக் கரைத்துக் கொடுத்தது அவள்தான். விளிம்பைச் சுற்றிப் பூசினேன்.

“மாமா, முட்டை வருது” என்றாள்.

வந்தது. ஒன்று மெதுவாகப் பெருத்து உடைந்தது, பக்கத்திலேயே இன்னொன்று. துணியால் துடைத்துவிட்டு மறுபடி பூசினேன். “இன்னொண்ணு, மாமா” என்று விரலை நீட்டிக் காட்டினாள். அது சோப்புத் தண்ணீருக்குள்ளேயே இருக்கிற காற்று, கண்ணு, என்று சொன்னேன். துடைத்தேன். மூன்றாவது முறை பூசினேன். கிண்ணத்தில் தண்ணீர் விட்டு விட்டுச் சோப்பு நீர்த்துப்போயிருந்தது. மனதுக்குள் முப்பது வரை எண்ண வேண்டும் என்பது விதி. இருபதில் நிறுத்தினேன். குமிழி வரவில்லை. “இப்ப வரல” என்றாள் வாலு, ஏமாந்த குரலில்.

மாற்றியிருக்கலாமே என்கிறீர்கள். தெருமுனையில் கடை இருந்தது. அதைப் பற்றி நான் நிறைய யோசித்தேன். தங்கைக்கு மாற்றினால் மற்ற ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது வீட்டுக்கும் மாற்ற வேண்டும். என் ரத்தம் என்பதற்காக அவளுக்கு மட்டும் மாற்றுவது பாரபட்சம். பாரபட்சம் கூடாது என்பதுதான் என் தொழிலின் அரிச்சுவடி. அப்படித்தான் அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாற்றினால் நான் அந்த லாட்டைத் திருப்பியதாக ஆகிவிடும், நான்கு தாளையும் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும் என்பதை அன்றைக்குச் சொல்லிக்கொள்ளவில்லை.

தங்கை துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தாள். “என்னண்ணா, சரியா இருக்கா?”

“மூணு தடவை பாத்துட்டேன்மா.”

“நீ பாத்தா சரிதான்” என்று அடுப்பைப் பற்றவைத்தாள். அங்கேயே சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

பத்தொன்பதாவது நாள். காலையிலிருந்து விட்டு விட்டு மழை, அதனால் ஜன்னலைச் சாத்தியிருக்கிறார்கள். மாப்பிள்ளை வேலைக்குப் போய்விட்டார். தங்கை மாடியில் நனைகிற துணியை எடுக்க ஓடியிருக்கிறாள். பள்ளிக்கூடம் விடுமுறை. வாலு தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போய், இருட்டாக இருந்ததால் விளக்கு சுவிட்சைப் போட்டிருக்கிறாள். மிச்சம் உங்கள் கோப்பில் இருக்கிறது. அவளை அடையாளம் காட்டியது நான்தான். மாப்பிள்ளையால் முடியவில்லை.

ரெகுலேட்டர் உருகிவிட்டது, அதைச் சோதித்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. தாளில் லாட் சுத்தம். வீட்டிலும் ஒரு நிபுணர் வந்து மூன்று முறை பார்த்திருக்கிறார். அப்படியானால் மிச்சம் இருப்பது ஒரே காரணம்தான் என்று நீங்கள் முடிவு கட்டினீர்கள், அடுப்புத் திருகைச் சரியாக மூடாமல் அம்மா மாடிக்குப் போய்விட்டாள். உங்களைக் குறை சொல்ல மாட்டேன், எனக்குக் கொடுத்த விவரத்தை வைத்து நானும் அந்த முடிவுக்குத்தான் வந்திருப்பேன். மூடினாயா என்று அவளைக் கேட்டீர்கள். அவளுக்கு ஞாபகம் இல்லை. யாருக்குத்தான் ஞாபகம் இருக்கும்? இன்று காலை உங்கள் வீட்டு அடுப்பை மூடியது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?

அன்றிலிருந்து மாப்பிள்ளை அவளோடு பேசுவதில்லை. அவள் இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். எங்கள் சமையலறையில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பாள். கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை எழுந்து போய் அடுப்புத் திருகைத் தொட்டுப் பார்ப்பாள், மூடியிருக்கும், உட்காருவாள், மறுபடி எழுவாள். என் மனைவி அதைப் பார்க்க முடியாமல் அழுகிறாள். நான் எண்ணுகிறேன். முதல் வாரம் ஒரு மணி நேரத்துக்கு ஒன்பது, இப்போது இருபதுக்கு மேல். எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் தயாரித்து வைத்திருக்கிற தாளில் கையெழுத்துப் போட மாட்டேன். இப்படி எழுதிக்கொள்ளுங்கள். அந்த லாட் கெட்டது என்று தெரிந்தே அனுப்பினேன். என் தங்கை வீட்டில் அது கசிந்ததை இரண்டு முறை கண்ணால் பார்த்தேன். கூட இருந்து பார்த்த ஒரே சாட்சி எட்டு வயதுக் குழந்தை, அவளையும் நான் ஏமாற்றினேன். அவளைக் கொன்றது அவள் அம்மா இல்லை. முந்தைய மூன்று தாளும் என் மேசையின் கீழ் இழுப்பறையில் இருக்கின்றன. மற்ற எட்டு லாட்டின் தாள்களும் அங்கேதான். அந்தச் சரக்கெல்லாம் வீடுகளில் இருக்கிறது, சீக்கிரம் ஆள் அனுப்புங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். இதைத் தங்கைக்கு நீங்களே படித்துக் காட்டுங்கள். நான் ஐந்தாறு முறை சொல்லப் போனேன். நேற்றும் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீதான் மூணு தடவை பாத்தியேண்ணா. அப்ப நான்தான் திறந்து விட்டிருக்கணும், இல்ல?”

ஆமாம் என்று நான் சொல்லவில்லை. மூன்று முறை பார்த்தது உண்மைதான் என்று மட்டும் சொன்னேன். எது எப்படியானாலும், இதுவரை அவளிடம் நான் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.